ஏழாம் வகுப்பில் ஒரு பீரியட்

2022 ஜூனில், பள்ளிகள் திறந்த வாரம், என் சங்கீத வகுப்புக்கு ஆயிரம் நோட்டீஸ் அடித்தேன். ரோஸ் நிறத் தாள், மேலே வயலின் படம், கீழே என் போன் நம்பர். பாதியைப் பேப்பர் போடும் தம்பியிடம் கொடுத்து, சேலத்தில் எங்கள் பக்கத்து அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை வீடுகளுக்கெல்லாம் செய்தித்தாளோடு சேர்த்துப் போடச் சொன்னேன். மீதியை ஒரு தனியார் பள்ளி வாசலில் மூன்று நாள் நின்று நானே கொடுத்தேன். இரண்டே இரண்டு போன் வந்தது. இரண்டு பேருமே கீபோர்டு கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்வீர்களா என்றுதான் கேட்டார்கள். நான் வயலினும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுப்பவள். இல்லை என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது.

கொரோனாவுக்கு முன்னால் இருபத்திரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்தில் நான்கு பேராகிவிட்டார்கள். போனில் வயலின் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. வில் பிடிக்கும் கையில் கட்டைவிரல் மடங்கியிருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். சுருதி சேர்கிறதா என்பதைப் போன் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. நின்று போன பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டு வாடகை கொடுக்க வேண்டுமே.

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் பேசினார். பக்கத்து மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் அவருடைய பேத்தி படிக்கிறாள். அந்த வருஷம்தான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். அக்காவின் மகள் அதில் ஓர் உறுப்பினர். "டீச்சர், படம் போட்டு என்னங்க பிரயோஜனம்? எங்க ஸ்கூல் பிள்ளைங்க வயலினை நேர்ல பார்த்ததே இல்லீங்க. ஒருநாள் வந்து வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பள்ளி என் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. பத்தொன்பது வருஷமாக அதன் மதிலை ஒட்டித்தான் காய்கறி வாங்கப் போகிறேன். ஒருநாள்கூட உள்ளே போய்க் கேட்கத் தோன்றவில்லை. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிகளில் கேட்டிருக்கிறேன். இங்கே கேட்டதில்லை. தறிக்காரர் பிள்ளைகளுக்கும் கொலுசுப் பட்டறைக்காரர் பிள்ளைகளுக்கும் சங்கீதம் எதற்கு, அவர்களால் எப்படிப் பணம் கட்ட முடியும் என்று அவர்களைக் கேட்காமலே முடிவு கட்டி வைத்திருந்தோம். நான் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த சங்கீத டீச்சர்கள் எல்லோரும்தான். இதே பிள்ளைகள் சாயங்காலமானால் கணக்கு டியூஷனுக்குப் பணம் கட்டிப் போவதை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

தலைமையாசிரியை முதலில் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நோட்டீஸைப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "இதை ஸ்கூலுக்குள்ள கொடுக்கக் கூடாதுங்க. ஃபீஸ் பத்திப் பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. வகுப்புல எங்க டீச்சர் ஒருத்தர் உட்கார்ந்திருப்பாங்க. சம்மதம்னா வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க, நான் அனுப்புறேன்." அப்போது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. இப்போது யோசித்தால் அந்த மூன்று நிபந்தனையும் நியாயமானவை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் இப்போது நானே அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அனுமதி வரப் பதினொரு நாள் ஆயிற்று.

அந்தப் பள்ளியில் பாட்டு டீச்சர் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். பகுதிநேரம். 2012-ல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி என்று பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் அரசு எடுத்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. அவர்களில் ஒருவர் இவர். பத்து வருஷமாகச் சம்பளம் கொஞ்சம் ஏறியதே தவிர வேலை நிரந்தரமாகவில்லை. வெளியிலிருந்து ஒருத்தி வயலினைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர் மனசுக்கு எப்படி இருக்கும்? முதல்நாளே அவரிடம் போய், "நீங்க சொல்லிக்கொடுத்திருக்கிற பாட்டுல ஒண்ணு சொல்லுங்க, அதையே வாசிக்கிறேன்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாருக்கும் தெரிஞ்சது தமிழ்த்தாய் வாழ்த்துதாங்க" என்றார்.

அதையே வாசித்தேன். ஏழாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கம் பிடித்த பீரியட். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருளை வலது கணுக்கால்மேல் சாய்த்து, வில்லை வைத்தேன். முதல் வரி பாதி போவதற்குள் பெஞ்சுகள் நகரும் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் வகுப்பு முழுக்க எழுந்து நிற்கிறது. யாரும் எழச் சொல்லவில்லை. வார்த்தையே இல்லாமல் மெட்டை மட்டும் கேட்டு எழுந்துவிட்டார்கள். டீச்சரும் நின்றார். நானும் எழுந்திருக்க வேண்டும்தான், ஆனால் வில் ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் நிறுத்த மனசு வரவில்லை. கடைசி வரி வரை வாசித்தேன். ஒரு பையன் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தான்.

அப்புறம் உட்காரச் சொல்லிவிட்டு, ச ரி க ப த என்று அந்த மெட்டின் ஐந்து ஸ்வரத்தை மட்டும் மேலே ஏறி வாசித்துக் காட்டினேன். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 விநாடியில், முல்லைப்பாணி என்னும் மோகன ராகத்தில், மூன்று மூன்றாக எண்ணும் மூன்றன் நடையில் பாட வேண்டும் என்று அரசாணையிலேயே எழுதியிருக்கிறார்கள். ராகம், தாளம் என்றாலே என்னவோ ஏதோ என்று நினைக்கும் பிள்ளை, ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் காலையில் மோகனத்தைப் பாடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயரை யாரும் அதனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். "உங்களுக்கு ஏற்கெனவே ஒரு ராகம் தெரியும்" என்றேன். அந்த வகுப்பின் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

மீதி நேரமெல்லாம் அவர்கள் கையில்தான். ரோசினைப் பார்த்து ஒருத்தி, "மிஸ், இது கல்கண்டுங்களா?" என்றாள். மரப்பிசின் என்றேன். வில்லில் இருப்பது குதிரை வால் முடி என்றதும், குதிரைக்கு வலிக்காதா என்று ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள், எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளங்கையை வயலினின் முதுகில் வைக்கச் சொல்லி, கனமான தந்தியில் மந்திர ஷட்ஜத்தை, அதாவது கீழ் 'ச'வை, நீளமாக இழுத்தேன். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். அப்புறம் தானாகவே மறுபடி வைத்தாள். ஸ்வரம் ஓயும்வரை எடுக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

அடுத்த நாளே கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தால் தப்பு. இரண்டு வாரம் யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணின் அம்மா வந்தார், கூட இன்னும் மூன்று அம்மாக்கள். நால்வரும் வாசலில் நின்றே பேசினார்கள். நோட்டீஸில் நான் எழுதியிருந்த எதையும் அவர்கள் கேட்கவில்லை. நான் எங்கே படித்தேன், எத்தனை வருஷ அனுபவம் என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. "எத்தனை மாசத்துல ஒரு பாட்டு வாசிப்பாங்க?" "பத்தாவது வந்தா நிறுத்திரலாங்களா?" "வயலின் வெலை எவ்வளவு ஆகும்?" "வகுப்பு முடிஞ்சு பாப்பா தனியா வரணுங்களா?"

முதல் கேள்விக்கு உள்ளதைச் சொன்னேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிகளை எல்லாம் தாண்டி, முதல் பாட்டான கீதம் வர ஒரு வருஷம் ஆகும். ஆறு மாசத்தில் சினிமாப் பாட்டு என்று சொல்லிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஏழாவது மாசம் அந்தப் பிள்ளைகள் நின்றுவிடும். தாயிடம் பொய் சொல்லிச் சேர்த்த பிள்ளையை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது.

கட்டணத்தில்தான் எனக்கு அவர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் அறுநூறு என்றேன். முகம் சுருங்கியது. ஒரு அம்மா மட்டும், "வாரம் வாரம் கொடுத்தா வாங்குவீங்களா டீச்சர்?" என்று கேட்டார். விசைத்தறியில் சனிக்கிழமைதான் கூலி. கையில் பணம் இருப்பது சனி, ஞாயிறு இரண்டு நாள்தான். மாசம் பிறந்து ஐந்தாம் தேதி அறுநூறு ரூபாய் கேட்டால் அவர்களால் புரட்ட முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் நூற்றைம்பது கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இத்தனை வருஷம் "அவர்களால் கட்ட முடியாது" என்று நான் நினைத்ததெல்லாம் தேதிக் கணக்கு புரியாமல்தான். இப்போது ஒரு நோட்டில் வாரக் கணக்கு எழுதுகிறேன். நூல் விலை ஏறித் தறி நின்ற வாரங்களுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிடுவேன், அதை நான் திரும்பக் கேட்பதில்லை. ஆடி மாதத்தில் மாரியம்மன் பண்டிகை வாரம், குகை என்னும் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை நாள், வகுப்பே கிடையாது. அந்த வாரமும் கோடுதான்.

வயலின் விலைதான் பெரிய தடை. பிள்ளை நிலைக்குமா என்று தெரியாமல் ஐந்தாயிரம், ஆறாயிரம் போடச் சொல்வது தப்பு. பழைய மாணவர்கள் பரணில் போட்டு வைத்திருந்த மூன்று வயலின்களைக் கேட்டு வாங்கினேன். அதில் இரண்டு முக்கால் அளவு, சின்னக் கைகளுக்குச் சரியாக இருந்தன. தந்தியும் பிரிட்ஜும் மாற்றி, முதல் ஆறு மாசம் இரவலாகக் கொடுக்கிறேன். இப்போது என்னிடம் ஏழு இருக்கின்றன. எந்த ஊராக இருந்தாலும் பரண்களில் நிறைய வயலின்கள் தூங்கிக்கொண்டிருக்கும். கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. பாப்பா தனியா வரணுமா? வேண்டாம் என்றேன். என் வகுப்பு நடக்கும் அறை தெருவைப் பார்த்தது. கதவு திறந்தே இருக்கும். வீட்டிலிருந்து யாராவது ஒருவர், அம்மாவோ பாட்டியோ, வகுப்பு முடியும்வரை உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாக ஒரு பிள்ளையை வைத்து வகுப்பு எடுப்பதில்லை. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் என்ற பெயரில் வெளியாட்கள் பள்ளிக்குள் புகுந்து பெண் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை வெளியே வந்தபோது நாடே பதறியது. அதற்குப் பிறகு ஒரு தலைமையாசிரியர் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. சந்தேகப்படத்தான் வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்று வாங்கி லெட்டரோடு சேர்த்தே வைத்துவிடுகிறேன். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணை என் வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், என் மேலேயே புகார் சொல்ல வேண்டியிருந்தாலும் பிள்ளைக்கு நம்பர் தெரிந்திருக்கட்டும் என்று.

இந்த மூன்று வருஷத்தில் கசப்பும் உண்டு. ஒரு தனியார் பள்ளி நிர்வாகம், சேரும் ஒவ்வொரு பிள்ளையின் கட்டணத்திலும் நூற்றுக்கு நாற்பது கேட்டது. கொடுத்தால் அந்த நாற்பதைப் பெற்றோர் தலையில்தான் கட்ட வேண்டும். வந்துவிட்டேன். வேறோர் இடத்தில் ஆசிரியர் ஒருவர், ஆளுக்கு இவ்வளவு கொடுத்தால் தன் வகுப்பிலிருந்து பத்துப் பேரை அனுப்புவதாகச் சொன்னார். பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கவே கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. டியூஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் காசு வாங்குவது மட்டும் எப்படிச் சரியாகும்? டீச்சர் சொன்னார் என்பதற்காகச் சேரும் பிள்ளைக்கு வயலின் மேல் ஆசை இருக்காது, பயம்தான் இருக்கும். பயந்த பிள்ளைக்கு வில் நடுங்கும்.

நோட்டீஸ் செய்யாததையும், அந்த ஒரு பீரியட்கூடச் செய்யாததையும் கலைத் திருவிழா செய்தது. அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய திருவிழா அது. பள்ளி அளவில் ஆரம்பித்து, வட்டாரம், மாவட்டம் என்று மாநிலம் வரை போகும். அந்த நவம்பரில் பாட்டு டீச்சர் எனக்குப் போன் செய்தார். ஆறு பெண் பிள்ளைகள் நாட்டுப்புறப் பாட்டு பாடப்போகிறார்கள், வந்து ஒத்திகை பார்த்துக் கொடுங்கள் என்று. மூன்று வாரம் தினமும் நாலரை மணிக்குப் போனேன். காசு வாங்கவில்லை. பாட்டை நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஒரு பெண்ணின் பாட்டி வாழப்பாடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், அவர் வந்து நடவுப் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். எனக்கே அந்த மெட்டு புதுசு. நான் செய்ததெல்லாம் ஐந்தரைக் கட்டை என்னும் சுருதி உயரத்தில் சுருதிப்பெட்டியைப் போட்டு, ஆறு பேரும் ஒரே இடத்தில் மூச்சு விடப் பழக்கியதுதான். பாட்டிக்குத் தாளம் விரலில் இல்லை, இடுப்பில் இருந்தது. குனிந்து நாற்று நடுகிற அசைவோடு பாடினால்தான் வரி சரியாக விழுந்தது. நின்றபடி பாடிய பிள்ளைகளையும் லேசாகக் குனிந்து அசைந்து பாடச் சொன்னோம். வட்டார அளவில் இரண்டாம் இடம். மாவட்டத்துக்குப் போகவில்லை. ஆனால் பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம் ஏழு பேர் என்னிடம் சேர்ந்தார்கள். அதில் நான்கு பேர் வாய்ப்பாட்டுக்கு.

சேர வரும் எல்லாப் பெற்றோரிடமும் முதலில் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுவேன். ஒன்று, ஜவகர் சிறுவர் மன்றம். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயதுவரை, சனி ஞாயிறில் பாட்டு, நடனம், ஓவியம். இன்னொன்று, சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளி. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் பதினேழு இசைப்பள்ளிகளில் ஒன்று அது. பன்னிரண்டு வயது ஆகியிருந்தால் சேரலாம். குரலிசை, வயலின், மிருதங்கத்தோடு நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதமும் உண்டு. மூன்று வருஷம் படித்தால் சான்றிதழ். கட்டணம் மிகக் குறைவு. இதைச் சொன்னால் உனக்கு வரும் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்களே என்று என் தோழி ஒருத்தி கோபித்துக்கொண்டாள். போகிறார்கள். அங்கே சேர்ந்த இரண்டு பிள்ளைகளின் தம்பி தங்கைகள் என்னிடம் வருகிறார்கள். பணத்துக்காக ஒளிக்காமல் சொன்ன டீச்சர் என்று தெருவில் பேசிக்கொள்வதாக இட்லிக் கடை அக்கா சொன்னார். எனக்கு அது பெரிய வார்த்தை.

நெசவுக் குடும்பத்துக்கும் இந்தச் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு. தியாகராஜரின் நேர்ச் சீடர்களில் முக்கியமானவர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர். சௌராஷ்டிர நெசவாளர் சமூகத்தில் பிறந்தவர். குருவின் கீர்த்தனைகளை எழுதிக் காப்பாற்றியதில் அவருக்கும் அவர் வழியில் வந்தவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. என் வகுப்பில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொன்ன அன்று ஒருவன் வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் சொல்ல, மறுநாள் தாத்தாவே கூட வந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது அவன் வகுப்புக்கெல்லாம் அவர்தான் துணை.

இப்போது பத்தொன்பது பேர் வருகிறார்கள். அதில் பதிமூன்று பேர் மூன்று அரசுப் பள்ளிகளிலிருந்து. ஒவ்வொரு ஜூனிலும் லெட்டரைப் புதிதாக எழுதிக்கொண்டு போகிறேன். தலைமையாசிரியர் மாறியிருப்பார், முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஒரு பள்ளியில் போன வருஷம் மறுத்துவிட்டார்கள். இந்த வருஷம் மறுபடியும் கேட்டிருக்கிறேன்.

உள்ளங்கையை வயலின் முதுகில் வைத்த அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. நிறுத்தவில்லை, வாரத்துக்கு ஒரு வகுப்பாகக் குறைத்துக்கொண்டோம். அவளுடைய அம்மா மூன்று வருஷமாகக் கதவோரம் உட்கார்ந்து, கையில் தறிக்கு நூல் தார் சுற்றும் வேலை ஏதாவது வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். போன வாரம் மகள் கீதத்தில் ஒரு இடத்தைத் தவறவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அங்க காந்தாரம் வரணும் கண்ணு" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். அவர் முகம் சிவந்துவிட்டது. பாடிக் காட்டச் சொன்னேன். மெதுவாக, சரளி வரிசை முதல் ஏழெட்டை, மூன்று வேகத்திலும் பாடினார். கொஞ்சமும் சுருதி விலகவில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மகள் கூட வந்து கதவோரம் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள்.